மதுரையில் இரண்டு நாள் ஸ்விங் நடனக் கூடல்: மண்டபம் பார்ப்பது முதல் மின்மீட்டர் குறிப்பது வரை

முதல் முறை நாங்கள் பாட்டுக்கு மூன்று பேர், மண்டபத்துக்கு இரண்டு பேர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். இரு தரப்பும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். சனிக்கிழமை மாலை, சுவரிலும் தரையிலும் கிரானைட் பதித்த அந்தக் கூடத்தில், பதினைந்து பேர் வாசித்த 1930களின் ஒலிப்பதிவை ஓடவிட்டோம். கிணற்றுக்குள் தகரப் பானைகள் உருள்வதுபோல் இருந்தது. ஆடத் தெரிந்தவர்களுக்கே தாளம் பிடிபடவில்லை. பாட்டும் நல்ல பாட்டு, மண்டபமும் நல்ல மண்டபம். இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஸ்விங் என்பது அமெரிக்க ஜாஸ் இசைக்கு ஆடும் நடனம். அதன் வகைகளான லிண்டி ஹாப், சார்ல்ஸ்டன், பால்போவா ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஆடத் தெரிந்த பத்து இருபது பேரும், ஆடிப் பார்க்க ஆசைப்படும் இன்னொரு முப்பது பேரும் கூடும் வார இறுதிக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம்: தேதி, அளவு, தரை, ஒலி, அதன் பிறகே பாட்டு. எல்லோரும் பாட்டுப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் சுகமான வேலை.

1. தேதி: பஞ்சாங்கத்தையும் ரயிலையும் சேர்த்துப் பாருங்கள்

மண்டபம் கிடைப்பதும் அதன் வாடகையும் முகூர்த்த நாளைப் பொறுத்தவை. வைகாசி, ஆவணி, தை மாதங்களின் வளர்பிறை முகூர்த்தத்தில் போய் நின்றால் முன்பணம் கொடுத்தாலும் கதவு திறக்காது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், வெயிலும் தணிந்திருக்கும். டிசம்பர் நடுவில் தொடங்கும் அந்த மாதத்தின் முதல் வார இறுதியே என் தேர்வு. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் ரயிலும் விடுதி அறையும் கைக்கு எட்டாது.

ஆடியும் முகூர்த்தம் இல்லாத மாதம்தானே என்று கேட்பார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அந்தப் போட்டியில் நாம் வெல்ல மாட்டோம், வெல்ல முயல்வதும் முறையல்ல. சித்திரைத் திருவிழாவை ஒட்டிய வாரங்களை அடியோடு விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கோரிப்பாளையத்தைக் கடக்க முடியாத நாம் எங்கே மண்டபத்துக்குப் போய்ச் சேர்வது? பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. அப்போதும் வேண்டாம்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். வெள்ளி இரவு சென்னையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை விடியற்காலை மதுரை. ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்பலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆகவே தேதியை அதற்கு இரண்டு வாரம் முன்பாவது அறிவித்துவிட வேண்டும். “இடம் உறுதியானதும் சொல்கிறோம்” என்று இழுத்தடித்த ஆண்டில் பாதிப் பேர் காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டார்கள்.

2. தலையை எண்ணுங்கள், பிறகு சதுர அடியை

ஒரு ஜோடி கைகால் வீசி ஆட 6 அடிக்கு 6 அடி வேண்டும், அதாவது 36 சதுர அடி. ஐம்பது பேர் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட மாட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு தரையில் இருக்கும் என்று வையுங்கள். பதினேழு ஜோடிக்குச் சுமார் 600 சதுர அடி. நாற்காலி, தண்ணீர், பாட்டு மேசை எல்லாம் சேர்த்து 1,000 சதுர அடிக் கூடம் தாராளம்.

புதியவர்கள் செய்யும் பிழை சின்ன இடம் எடுப்பதல்ல, பெரிய இடம் எடுப்பதுதான். ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தில் இருபது ஜோடி ஆடினால் பந்தி முடிந்த கல்யாண வீடு போல் இருக்கும். பெரிய மண்டபம்தான் கிடைத்தது என்றால், நாற்காலிகளை மூன்று பக்கமும் வரிசையாகப் போட்டு ஆடும் இடத்தைக் குறுக்கிவிடுங்கள். நெருக்கம் இருந்தால்தான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்திருக்கும் துணிச்சல் வரும்.

3. மண்டபம் பார்க்கப் போகும்போது

பையில் நான்கு பொருள்கள்: ஆடும்போது போடும் காலணி, ஒரு கைக்குட்டை, அளவு நாடா, பத்துப் பாட்டு ஏற்றிய செல்பேசியோடு ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கர். போகும் நேரம் மாலை. காலையில் அமைதியாக இருக்கும் தெருவில் மாலை ஆறு மணிக்கு என்ன கேட்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

முதலில் தரை. ஸ்விங் நடனத்தில் பாதம் சற்று வழுக்கிச் செல்ல வேண்டும், திரும்பும்போது மாட்டிக்கொள்ளக் கூடாது. காலணியோடு ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பாதம் நின்று முழங்கால் மட்டும் திரும்பினால் அந்தத் தரை ஆபத்து. பேட்மிண்டன் உள்ளரங்குகளைப் பலர் பரிந்துரைப்பார்கள், மரத்தளம் இருக்கிறது என்பார்கள். அந்த மரத்தின் மேல் விரித்திருக்கும் பச்சை விரிப்பு காலணியைப் பிடித்து நிறுத்துவதற்காகவே செய்யப்பட்டது. விளையாட்டுக்கு அது நல்லது, நமக்கு முழங்கால் போகும்.

நம் ஊர் மண்டபங்களில் பெரும்பாலும் கிரானைட், பளபளப்பான டைல்ஸ், அல்லது பழைய மொசைக். மூன்றில் மொசைக்கே எனக்குப் பிடித்தது. தேய்ந்து தேய்ந்து, வழுக்கலும் பிடிமானமும் சரிபாதியாக இருக்கும். பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையும், செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல்லும் அருமையாக வழுக்கும். ஆனால் அந்தக் கூடங்கள் பெரும்பாலும் சிறியவை, நடுவில் தூண் வேறு. மொட்டை மாடித் தட்டோடு சொரசொரப்பானது, ஒரே இரவில் காலணியின் அடியைத் தின்றுவிடும்.

கல் தரை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, அதில் துள்ளல் இல்லை. நான்கு மணி நேரம் ஆடினால் மறுநாள் கணுக்காலும் இடுப்பும் சொல்லும். பணம் இருந்தால் 8க்கு 4 அடி பிளைவுட் பலகை 15 வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ 24க்கு 20 அடித் தளம் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், மெல்லியது வளையும். அடியில் ரப்பர் விரிப்பு, மேலே செங்கல் அடுக்குப்போல் இணைப்புகள் ஒரே கோட்டில் வராத வரிசை, இணைப்பின் மேல் துணி டேப். பந்தல்காரரிடம் இருக்கும் மேடைப் பலகையை மலிவு என்று எடுக்காதீர்கள். ஆணித்தலையும் சிராய்ப்பும் இல்லாத மேடைப் பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை. பணம் இல்லையென்றால் கல் தரையே போதும், ஆனால் சனிக்கிழமை இரவை மூன்று மணி நேரத்தோடு முடித்துவிடுங்கள்.

கைக்குட்டையால் தரையின் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். பந்திக் கூடமாக இருந்த இடமென்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். கழுவித் தரச் சொல்லி, நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே காயவிட வேண்டும்.

அடுத்து, கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். ஓசை உடனே அடங்கினால் எந்தப் பாட்டையும் அங்கே போடலாம். “ஒன்று, இரண்டு” என்று நிதானமாக எண்ணும்வரை இழுத்தால், அது எதிரொலிக் கூடம். நிமிடத்துக்கு 200 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.3 நொடிதான். கூடத்தின் எதிரொலி இரண்டு நொடி என்றால் ஆறேழு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்புறம் தாளம் எங்கே கேட்கும்?

கடைசியாக, கொண்டுபோன ஸ்பீக்கரில் மூன்று பாட்டைப் போட்டுவிட்டு அறையின் நான்கு மூலைக்கும் நடந்து கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யாதவர்கள்தான் எங்களைப்போல் கிணற்றில் தகரம் உருட்டியவர்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் ஆடினால் என்ன என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம் அது. டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்புங்கள். திட்டத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

4. மண்டபக் கணக்கில் ஒரு நாள் என்பது எது?

கல்யாண மண்டபங்களில் ஒரு நாள் வாடகை வழக்கமாக முந்தைய நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியும். மாப்பிள்ளை அழைப்பு முதல் மதியப் பந்தி வரையிலான கணக்கு அது. நமக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாவி வாங்கி ஞாயிறு மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுத்தால், ஒரே வாடகையில் சனி இரவு ஆட்டமும் ஞாயிறு காலை ஆட்டமும் அடங்கிவிடும். சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு மட்டும் வேறு சின்ன இடம் தேவை. பரதநாட்டிய வகுப்புக் கூடங்கள் சனி காலை சில மணி நேரத்துக்குக் கிடைப்பதுண்டு. ஆளுயரக் கண்ணாடி இருந்தால் கற்றுக்கொடுக்க இன்னும் வசதி.

வாடகை என்று சொல்லும் தொகையோடு கணக்கு முடியாது. மின்கட்டணம் யூனிட் கணக்கில் தனி, ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கில் டீசல் தனி, துப்புரவு தனி, ஜிஎஸ்டி தனி. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். சமையல் கூடம் வேண்டாம் என்றால் அதைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

பேச்சில் தயங்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. “என்ன விசேஷம்?” என்று மேலாளர் கேட்பார். “கலை நிகழ்ச்சி” என்று மழுப்பினால் சனிக்கிழமை இரவு ஜோடிகளைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிடுவார். எங்களுக்கு ஒருமுறை எட்டரை மணிக்கு அது நடந்தது. நேராகச் சொல்லுங்கள்: அமெரிக்க ஜாஸ் இசைக்கு ஆடும் ஜோடி நடனம், மது கிடையாது, பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். “பெண்ணும் பையனும் சேர்ந்தா தம்பி?” என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லி ஒரு பழைய நடனக் காட்சியைச் செல்பேசியில் காட்டுங்கள். கோட்டும் சூட்டும் போட்டவர்கள் சிரித்தபடி குதிப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் முகம் இளகிவிடும். முதல் நாள் மாலை வந்து பார்க்குமாறு வீட்டாரோடு அழைத்துவிடுங்கள். நான் பார்த்த மேலாளர்களில் ஒருவர் பத்தே நிமிடத்தில் காலால் தாளம் போட ஆரம்பித்தார்.

தங்கும் விடுதி மண்டபத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். மாசி வீதிகளின் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை. அண்ணா நகர், கே.கே. நகர் போல வைகையின் வடகரையில் பார்ப்பது எளிது. தூங்கா நகரம்தான், ஆனால் மண்டபக் காவலாளி தூங்குவார், கேட் பூட்டும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒலி: எக்கோவை அணையுங்கள்

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கோயில் விழாவுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் பழகியவர்கள். பெரிய பேஸ் பெட்டி, மைக்கில் எக்கோ, காதைப் பிளக்கும் அளவு. நமக்கு இதற்கு நேர் எதிரானது வேண்டும். பழைய ஜாஸ் பதிவுகளில் ஆழ்ந்த கீழ் ஒலி குறைவு. பேஸைக் கூட்டினால் இசை கூடாது, இரைச்சல்தான் கூடும்.

சொல்ல வேண்டியவை: எக்கோ முழுக்க அணைக்கப்பட வேண்டும். பேஸ் நடுநிலைக்குச் சற்றுக் கீழே. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் கீச்சிட்டால் ட்ரெபிளை ஒரு துளி குறைக்க வேண்டும். ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாகச் சிறிய பெட்டிகள் நான்கு, குறைந்த ஒலியில், தலைக்கு மேல் உயரத்தில் ஸ்டாண்டில், ஆடும் தரையை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். பெட்டி அருகில் இருந்தால் அதன் நேர் ஒலி எதிரொலியை முந்திக்கொண்டு காதுக்கு வரும். கல் சுவரில் ஜமுக்காளமோ தடித்த திரையோ தொங்கவிட்டால் எதிரொலி இன்னும் அடங்கும். பந்திப்பாய் போதாது, மெல்லியது.

மடிக்கணினியைச் சார்ஜரோடு இணைத்தால் பெட்டியில் “ம்ம்” என்று முனகல் வரலாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அதுதான். பேட்டரியை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு ஓட்டலாம், அல்லது அந்த முனகலைத் தடுக்க இடையில் இணைக்கும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸை ஒலிக்காரரிடம் கேட்கலாம். இணைப்புக் கம்பி இரண்டு வேண்டும். ஒன்று கட்டாயம் போகும்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்க அரை நிமிடமாவது ஆகும். ஆம்ப்ளிஃபயருக்கு யுபிஎஸ் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, இருட்டில் எல்லோரும் கைதட்டித் தாளத்தைத் தொடர்ந்து ஆடியதுதான் எங்கள் கூடலின் மிகச் சிறந்த அரை நிமிடம்.

6. பாட்டுத் தேர்வு: கூடத்துக்கு ஏற்ற குழு

இப்போது பாட்டு. முதலில் அது ஸ்விங்தானா என்று தெரிய வேண்டும். ஸ்விங்கின் அடையாளம் வேகமல்ல, நடை. ஒரு தட்டைத் திஸ்ரமாக “தகிட” என்று மூன்றாகப் பிரித்து, நடு எழுத்தை விழுங்கி “த–ட, த–ட” என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சாய்வு பாட்டில் இருந்தால் ஸ்விங். “தகதிமி” என்று நேராக நடந்தால் வேறு ஏதோ. வேகம் ஏற ஏறச் சாய்வு குறையும், ஆகவே 200 தட்டுக்கு மேல் இந்தச் சோதனை ஏமாற்றும். மூன்று தட்டில் சுழலும் வால்ட்ஸ், பாஸா நோவா, மெதுவான காதல் பாட்டு எல்லாம் “ஜாஸ்” என்ற பெயரில் பட்டியலுக்குள் நுழையும். கேட்க இனிமைதான், லிண்டி ஹாப் ஆட முடியாது.

வேகத்தை எண்ணுவது எளிது. 15 நொடியில் விழும் தட்டை எண்ணி நான்கால் பெருக்குங்கள். புதியவர்களுக்கு 120 முதல் 140. ஓரளவு பழகியவர்களுக்கு 140 முதல் 180. 200ஐத் தாண்டினால் பால்போவாக்காரர்களும் இளங்கால்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஒவ்வொரு பாட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னாலும் இந்த எண்ணைப் போட்டு வையுங்கள். இருட்டில், அவசரத்தில், அந்த எண் ஒன்றே வழிகாட்டும்.

அளவு: பாட்டுக்கு மூன்று நிமிடம் வைத்தால், இடைவெளியும் அறிவிப்பும் போக மணிக்குப் பதினேழு பதினெட்டுப் பாட்டு. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும் என்பதால் அந்தக் காலப் பதிவுகள் ஆடுவதற்கென்றே அளந்ததுபோல் இருக்கும். மேடைக் கச்சேரிப் பதிவுகள் ஏழெட்டு நிமிடம் ஓடும். புதிதாக ஆட வந்தவர் ஒரே துணையோடு எட்டு நிமிடம் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்தால் நீங்களே அவற்றை நீக்கிவிடுவீர்கள். மூன்று மணி நேர இரவுக்கு 55 பாட்டுத் தேவை, கையில் 150 இருக்கட்டும்.

இனி, மண்டபத்தில் தட்டிப் பார்த்த கைதட்டல் இங்கேதான் வேலை செய்கிறது. எதிரொலிக் கூடமா? பதினைந்து வாத்தியக் குழுக்களைக் குறைத்து, மூன்று முதல் ஏழு பேர் வாசிக்கும் சிறு குழுக்களை எடுங்கள். பென்னி குட்மனின் மூவர், அறுவர் குழுப் பதிவுகள், டியூக் எல்லிங்டனின் சிறு குழுப் பதிவுகள், நாட் கிங் கோலின் மூவர் குழு, ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார் குழு. வாத்தியம் குறைந்தால் ஒவ்வொரு தட்டும் தனியாக நிற்கும். வேகத்தையும் 170க்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழு இல்லாமல் முடியாது என்றால் கவுன்ட் பேசியின் 1950களின் பதிவுகள் 1930களின் பதிவைவிடத் துலக்கமாகக் கேட்கும். மாறாக, கம்பளம் விரித்த ஹோட்டல் கூடம் ஓசையை உறிஞ்சிவிடும். அங்கே சிறு குழு மெலிந்து போகும், சிக் வெப், ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் போன்றவர்களின் முழுக் குழுவை இறக்குங்கள். ஆடும் இடத்தில் மட்டும் கம்பளத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டு.

ஐம்பதுகளின் தமிழ்த் திரையிசையிலும் மேற்கத்திய ஆட்டத் தாளத்தில் அமைந்த பாட்டுகள் உண்டு, சந்திரபாபு பாடியவற்றில் தேடிப் பாருங்கள். இரவுக்கு ஒன்று போட்டால் சுவரோரம் நிற்கும் உறவினரும் சிரித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். இரண்டாவது போட்டால் வேறு கச்சேரி ஆகிவிடும்.

பழைய பதிவுகளும் இன்றைய குழுக்களின் பதிவுகளும் ஒரே ஒலியளவில் இருக்காது. எல்லாக் கோப்பையும் ஒலியளவைச் சமன் செய்யும் மென்பொருளில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எல்லாம் மடிக்கணினியில் இறங்கியிருக்க வேண்டும், அதன் நகல் ஒரு பென்டிரைவில். மண்டபத்தின் நடுக்கூடத்தில் செல்பேசிச் சிக்னல் வருமென்று நம்பாதீர்கள்.

7. அனுமதியும் உரிமமும்

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு இருந்தாலும், சன்னல் திறந்த மண்டபத்தை யாரும் மூடிய அரங்கு என்று ஒப்ப மாட்டார்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் இடம் பார்க்கும்போதே நினைவில் வையுங்கள்.

இசை உரிமத்தில் இரண்டு அடுக்கு. ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. முப்பது, நாற்பதுகளின் பதிவுகளுக்கு இந்தியாவில் அது முடிந்துவிட்டது. இசையமைப்புக்கான உரிமை, படைத்தவர் இறந்த பின் 60 ஆண்டு. எல்லிங்டன் 1974இல் காலமானார், அவருடைய இசைக்கு 2034 முடியும்வரை உரிமை உண்டு. ஆகவே இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிடம் உரிமம் கேட்க வேண்டும். இன்றைய குழுக்களின் பதிவைப் போட்டால் ஒலிப்பதிவு உரிமமும் சேரும். கல்யாண வீட்டில் பாட்டுப் போடச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் கல்யாண மண்டபத்தில் நடக்கிறது என்பதற்காக மட்டும் நமக்கு அது பொருந்திவிடாது.

8. இரண்டு நாளை அடுக்குவது

சனி காலை பத்து முதல் ஒன்று வரை பயிற்சி, சின்னக் கூடத்தில். மதியம் சாப்பாட்டுக்குப் பின் எதுவும் வைக்காதீர்கள். ரயிலில் வந்தவர்கள் தூங்கட்டும். மூன்று மணிக்கு மண்டபச் சாவி, ஐந்துக்குள் ஒலி சரிபார்ப்பு, ஆறு மணிக்குப் புதியவர்களுக்கு ஒரு மணி நேர அறிமுகம், ஏழு முதல் பத்து வரை ஆட்டம்.

அறிமுக வகுப்பில் அடவைவிட முதலில் கைதட்டக் கற்றுக்கொடுங்கள். ஆதி தாளத்துக்குப் பழகிய கை முதல் தட்டில்தான் விழும். ஸ்விங்கில் கைதட்டு இரண்டிலும் நான்கிலும். ஐந்து நிமிடம் இதைச் செய்தால் அன்றிரவு முழுக்கக் கூடம் முழுதும் இசையோடு இசைந்திருக்கும். வழிநடத்துவது யார், பின்தொடர்வது யார் என்பதை ஆண், பெண் என்று ஒட்டிவைக்காதீர்கள். யாரும் யாரையும் ஆட அழைக்கலாம், “இப்போது வேண்டாம்” என்றால் காரணம் கேட்கக் கூடாது. இதை மைக்கில் தமிழில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு பத்து மணிக்குப் பின். ஆடுவதற்கு முன் கறிதோசை சாப்பிட்டுவிட்டு வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் முழு மாலையும் நாற்காலியிலேயே ஆடினார். ஆறு மணிக்குச் சுண்டலும் வாழைப்பழமும் போதும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தாவது வேண்டும், ஆடும் தரையை விட்டுத் தள்ளி, அடியில் துணி விரித்து. டைல்ஸ் தரையில் சிந்திய தண்ணீரைவிட மோசமான பகை கிடையாது. வழுக்கலுக்காக முகப்பவுடர் தூவும் யோசனையை யாராவது சொன்னால் டப்பாவைப் பறித்துவிடுங்கள், டைல்ஸ் மேல் அது பனிக்கட்டி.

ஞாயிறு காலை வெளியூர்க்காரர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவார்கள். உள்ளே செல்பேசி கொண்டுபோக முடியாது. எட்டு மணிக்கு நேர மாற்றத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதினொன்றுக்குத்தான் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரத்தைச் சனி இரவே எழுதி ஒட்டுங்கள், பிறகு மாற்றாதீர்கள். பதினொன்று முதல் இரண்டு வரை ஆட்டம். கால் வலி இருக்கும், 110 முதல் 150 தட்டுக்குள் இருக்கட்டும்.

9. பாட்டு மேசையில் உட்காருபவருக்கு

முன்கூட்டியே அடுக்கிய பட்டியலை அப்படியே ஓடவிட்டுப் போய் ஆடுவது பெரிய பிழை. கூடத்தைப் பார்க்க வேண்டும். 135, 145, 160, 175, பிறகு 140 என்று ஏற்றி இறக்குங்கள். இரண்டு வேகப் பாட்டுக்குப் பின் கட்டாயம் ஒரு நிதானப் பாட்டு. வேகப் பாட்டில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டால் பாட்டை வெட்டாதீர்கள், அடுத்ததை மாற்றுங்கள்.

கல்யாண டிஜே போல ஒரு பாட்டை மற்றொன்றில் கலக்கக் கூடாது. பாட்டு முடிந்து ஐந்து நொடி மௌனம் வேண்டும். அந்த ஐந்து நொடியில்தான் நன்றி சொல்கிறார்கள், துணை மாற்றுகிறார்கள். அடுத்த பாட்டின் தொடக்கத்தை ஹெட்போனில் கேட்டுவிடுங்கள், சில பதிவுகளில் தாளம் வருமுன் அரை நிமிடம் பியானோ தனியே அலையும்.

இடையில் ஒருமுறை ஷிம் ஷாம் போடுங்கள். துணை தேவையில்லாமல் எல்லோரும் வரிசையில் ஆடுவது என்பதால் தயங்கி நிற்பவர்களும் வந்துவிடுவார்கள். ஒருவரே மூன்று மணி நேரமும் மேசையில் இருக்க வேண்டாம். மணிக்கொருவர் மாறுங்கள். மாறுபவர் முந்தையவர் போட்ட பாட்டுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் ஒரே பாட்டு இரண்டு முறை வரும்.

நேரடி இசை வேண்டுமா? முதல் ஆண்டு வேண்டாம். நம் ஊர் பேண்டு வாத்தியக்காரர்களிடம் நல்ல ட்ரம்பெட், கிளாரினெட் கைகள் உண்டு. ஆனால் ஸ்விங் நிற்பது தாள வாத்தியத்தில். டிரம்ஸ், டபுள் பேஸ், கிதார் மூன்றும் சேர்ந்து அந்தச் சாய்வைப் பிடிக்க ஒத்திகை மாதக் கணக்கில் ஆகும்.

10. ஞாயிறு மூன்று மணி

கடைசிப் பாட்டு இரண்டு மணிக்கு முடிய வேண்டும், இரண்டரைக்கு அல்ல. பலகை பிரிக்க, டேப் உரிக்க, நாற்காலி அடுக்க ஆறு பேருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். தரையில் டேப்பின் பசை தங்கினால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். மறுநாள் அங்கே யார் வீட்டுப் பிள்ளையாவது சறுக்கி விழக் கூடாது.

சனி மூன்று மணிக்குச் சாவி வாங்கிய கையோடு மின்மீட்டரைப் படம் எடுத்திருப்பீர்கள். எடுக்கவில்லையென்றால் இப்போது மேலாளர் சொல்லும் யூனிட்தான் கணக்கு. மீட்டரின் அருகில் அவரையும் நிற்கவைத்து இரண்டாவது படம் எடுங்கள்.